நான் பூட்டி வைத்த பட்டியல்

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. மணவூர்ப் பக்கம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்த என் அப்பா, கேட்டைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடப்பார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார், மறுபடியும் பத்தடி நடப்பார். அந்தக் குணத்தை அப்படியே எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை தொட்டுப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இப்படிப்பட்டவன் வாத்தியார் வேலைக்கு வந்து சேர்ந்தது பிள்ளைகள் செய்த பாவம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருத்தணி மலையடிவாரத்தில் மிஷன்காரர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பை முதன்முதலாக என் கையில் கொடுத்தார்கள். எனக்கு இருபத்தைந்து வயது. வகுப்பில் பதினாலு பேர். பதினொரு பையன்கள், மூன்று பெண்கள். அந்த வருஷக் கடைசியில் எட்டாம் வகுப்புக்கு அரசாங்கப் பரீட்சை. அதில் தேறினால் பையன்களுக்கு ரயில்வேயிலோ தாலுகா ஆபீசிலோ ஏதாவது ஒரு வாசல் திறக்கும். பெண்களுக்கு இருந்தது ஒரே வாசல்தான். வேலூர்ப் பக்கம் மிஷன் நடத்திய ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் எடுத்துக்கொள்வார்கள். சாப்பாடு போட்டு, தங்க இடம் கொடுத்து, இரண்டு வருஷம் கழித்து ஒரு வேலையும் கொடுப்பார்கள். தேறாத பெண்ணுக்கு வயல்வேலை இருக்கவே இருக்கிறது.

அந்த மூன்று பெண்களில் ஒருத்தி பள்ளிப்பட்டு ரோட்டில் மூன்று மைல் தள்ளியிருந்த ஒரு குடியிருப்பிலிருந்து தினமும் நடந்து வந்தாள். கூலி வேலை செய்கிற குடும்பம். வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேச்சு. அப்பாவை நைனா என்பாள். கணக்குக் கொடுத்தால் போட்டு முடித்துவிட்டு சிலேட்டைக் கவிழ்த்து வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சரியா என்று கேட்கமாட்டாள். சரி என்று அவளுக்கே தெரியும். எட்டாம் வகுப்பில் நான் சந்தேகப்படாத ஒரே ஜீவன் அவள்தான். சந்தேகப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளிடம் வாயைத் திறந்து ஏதாவது கேட்டிருப்பேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. முதல் பெஞ்சின் வலது ஓரம் முதல் இடம். கடைசி பெஞ்சின் இடது ஓரம், சுவர் பக்கம், கடைசி இடம். கேள்வி கேட்டால் சரியாகப் பதில் சொன்னவன், சொல்லத் தெரியாதவனை எழுப்பிவிட்டு அவன் இடத்தில் உட்காருவான். ஐந்தாம் வகுப்பிலிருந்தே இப்படித்தான். உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தாலே யார் எத்தனாவது ஆள் என்று வாசலில் நிற்பவனுக்குக்கூடத் தெரிந்துவிடும். அந்தப் பெண் இரண்டு வருஷமாக முதல் பெஞ்சின் வலது ஓரத்தை விட்டு எழுந்ததில்லை.

தை மாதத்தில் பள்ளிக்கூடத்திலேயே ஒரு முன் பரீட்சை வைப்போம். அதில் தேறியவர்களின் பெயர்களை மட்டும் அரசாங்கப் பரீட்சைக்கு அனுப்புவது வழக்கம். பரீட்சை முடிந்த மறுநாளே பட்டியலைச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். ஒட்டியவுடன் என்ன நடக்கும் என்பதை நான் முந்தின வருஷங்களில் பக்கத்து வகுப்பிலிருந்தே பார்த்திருக்கிறேன். பெயர் வந்தவன் வேலை முடிந்தது என்று இருந்துவிடுவான். பெயர் வராதவன் மலைப்படியில் தேங்காய் விற்கப் போய்விடுவான். மாசி, பங்குனி இரண்டு மாதமும் வாத்தியார் சுவரோடு பேசிக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் இன்னொரு வினையும் சேர்ந்துகொண்டது. யுத்தத்தால் பரீட்சையே கிடையாது, எல்லாரும் பாஸ் என்று ஒரு பேச்சு. கிருத்திகைக்கு மலையேற வந்த யாரோ பட்டணத்துக்காரர் சொன்னாராம். யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மூன்றாவது பெஞ்சுப் பையன்மேல் சந்தேகம். அவன் வீட்டில் வேர்க்கடலை பிடுங்குகிற சமயம். பரீட்சை இல்லாவிட்டால் அவனுக்குத்தான் லாபம். கூப்பிட்டு அரை மணி நேரம் விசாரித்தேன். அவன் அழுதானே தவிர ஒப்புக்கொள்ளவில்லை. அழுததே ஒரு தந்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

எப்படியாவது இவர்களைப் பங்குனி வரைக்கும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பட்டியலை ஒட்டுவதில்லை. சித்தூரில் இருந்த ஜில்லா ஆபீசுக்குத் தபாலில் அனுப்புகிற அன்றைக்குத்தான் வெளியே சொல்வது. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாவிட்டால் பதினாலு பேரும் பயந்துகொண்டு படிப்பார்கள் அல்லவா? தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். இன்னும் ஒரு வருஷத்தில் ஓய்வு பெற இருந்தவர். நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"உன் இஷ்டம் தம்பி. ஆனா பசங்களுக்குத் தெரியாம வெச்சிருக்கேன்னு நெனச்சிக்கினு இருக்காத. நீ சொல்லாட்டி அவங்களா ஒண்ணு கண்டுபுடிச்சிக்குவாங்க."

கிழவருக்கு என்மேல் நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

பட்டியல் எழுதினேன். எட்டுப் பெயர். முதல் பெயர் அந்தப் பெண்ணுடையது. ஒவ்வொருவருக்கும் சித்தூரிலிருந்து வந்திருந்த இங்கிலீஷ் விண்ணப்பப் பாரம் ஒன்று உண்டு. பெற்றோர் கையெழுத்து வாங்கிவரச் சொல்லி வெற்றுப் பாரங்களைத் தையிலேயே பதினாலு வீட்டுக்கும் அனுப்பியிருந்தேன். யாருக்கு நிரப்பப் போகிறேன் என்று வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தேன். பதின்மூன்று பாரம் கையெழுத்தோடும் கைநாட்டோடும் திரும்பி வந்தது. அவளுடையது மட்டும் மடிப்புக்கூடக் கலையாமல் வந்தது.

"எழுதாத காயிதத்துல கை வெக்க மாட்டேன்னு நைனா சொல்லிட்டாரு சார்."

பெண்ணை மேலே படிக்க வைக்க அந்த ஆளுக்கு இஷ்டமில்லை, சாக்குச் சொல்கிறான் என்று அப்போதே முடிவு கட்டினேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவளுடைய பாரத்தையும் நிரப்பினேன். அதில் பள்ளியில் அந்த மாணவரின் வரிசை எண் என்ன என்று ஒரு வரி. அவளுக்கு ஒன்று என்று போட்டேன். எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டேன். குளிக்கும்போதுகூட அவிழ்க்கவில்லை.

அடுத்ததாக அந்த இடம் பிடிக்கிற வழக்கத்தை நிறுத்தினேன். இடத்தைப் பார்த்துப் பட்டியலை ஊகித்துவிடுவார்களே! யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒருநாள் காலையில் எல்லாரையும் மாற்றி உட்கார வைத்தேன். தட்டுத் தடுமாறுகிற ஆறு பேரை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் முன்னால் வைத்தேன். தானாகப் படிக்கிறவர்களைப் பின்னால் அனுப்பினேன். அந்தப் பெண்ணுக்கு என் கண்காணிப்பே தேவையில்லை. அதனால் அவளைக் கடைசி பெஞ்சின் இடது ஓரத்தில், சுவர் பக்கம் உட்காரச் சொன்னேன். சிலேட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு நிமிஷம் நின்றாள். ஏதோ கேட்பாள் போலிருந்தது. கேட்கவில்லை, போய் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் இரண்டு நாளும் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். வகுப்பு அப்படி ஒரு அமைதி. மூன்றாவது நாள் அந்த அமைதியின்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நிற்கிறது. இடைவேளையில் வேப்பமரத்தடியில் கூடி நின்று குசுகுசுவென்கிறார்கள். என்னைப் பார்த்ததும் கலைகிறார்கள். ஒருத்தன் என் இடுப்பையே பார்க்கிறான். சாவிக்குக் குறி வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பெட்டி மூடியின் இடுக்கில் ஒரு நூலை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் நூலைக் காணவில்லை. பதினாலு பேரையும் வரிசையாக நிற்க வைத்து விரல்களை முகர்ந்து பார்த்தேன். பூட்டுக்கு நல்லெண்ணெய் தடவியிருந்தேன். விரல்களில் கட்டுச்சோற்று வாசனைதான் வந்தது. நாலு நாள் கழித்து அந்த நூல் பெட்டிக்குப் பின்னால் எலி வளையின் வாயில் கிடந்தது. எலியையும் யாராவது ஏவி விட்டிருக்கலாம் என்று நினைக்கிற அளவுக்கு மட்டும் நான் போகவில்லை.

மாசி பாதி ஆயிற்று. முன் பெஞ்சுக்காரர்களுக்கு எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்திருந்தது. படிப்பு ஏறவில்லை, ஆனால் முகத்தில் சிரிப்பு. மாசக் கிருத்திகை அன்று அவர்களில் ஒருத்தன் வகுப்புக்கு வரவில்லை. மறுநாள் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றான். வேண்டுதல் என்றான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட ஊரில் இருக்கிற எல்லாரும் சாமியைத்தான் சாக்குச் சொல்கிறார்கள் என்று திட்டினேன். என்ன வேண்டுதல் என்று கேட்கவில்லை.

பின் பெஞ்சுகள் அதற்கு நேர்மாறு. எழுதிக்கொண்டிருக்கிற பலப்பம் பாதியில் நின்றுவிடும். நான் தினமும் காலையில் ஒரு மணி நேரம் முன்னால் வரச் சொன்னேன். கடைசி பெஞ்சு தாமதமாக வந்தது. பூகோளத்துக்குப் படம் வரைந்து காட்டினேன். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்கள். மிரட்டினேன். யுத்தம் நாளைக்கே முடிந்துவிடும், பரீட்சை கட்டாயம் உண்டு என்று பைபிளைத் தொட்டுச் சொன்னேன். ஒன்றும் எடுபடவில்லை. திடீரென்று ஒருநாள் கணக்குப் பரீட்சை வைத்தேன். அந்தப் பெண் பத்துக் கணக்கில் நாலு போட்டிருந்தாள். நாலும் சரி. மீதி ஆறைத் தொடவே இல்லை. சிலேட்டைக் கவிழ்த்து வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். கல்யாணம் பேசிவிட்டார்கள். பள்ளிப்பட்டுப் பக்கம் தறி வைத்திருக்கிற மாமன் மகன், அவர்கள் பேச்சில் பாவா, எவனாவது இருப்பான். அதனால்தான் அப்பன் கைநாட்டு வைக்கவில்லை, அதனால்தான் இவளுக்குப் படிப்பில் மனசு இல்லை. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. சந்தேகக்காரனுக்கு இப்படி எல்லாம் பொருந்திவிட்டால் அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

அடுத்த வாரம் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். ஐந்தாம் நாள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"வியாழக்கிழம தபால்ல பாரமெல்லாம் போயாகணும். அந்தப் பொண்ணோட பாரத்துல கையெழுத்து இல்லயே? இல்லாம அனுப்பினா சித்தூர்ல தூக்கிப் போட்டுடுவான். வேற யாரையாவது சேத்துடலாமா?"

"இல்லைங்க. நான் போய் வாங்கிக்கினு வரேன்."

அன்றைக்குப் புதன்கிழமை. மதியத்துக்கு மேல் பாரத்தையும் மைப்பெட்டியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பள்ளிப்பட்டு ரோட்டில் நடந்தேன். மூன்று மைலும் அந்த அப்பனிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். படிக்கிற பெண்ணைக் கட்டிக்கொடுத்து நாசமாக்குகிறாயே, நீ மனுஷனா என்று ஆரம்பிப்பதாக இருந்தேன்.

ஒரு கிணற்றங்கரை நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவளும் அவள் அம்மாவும் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாதான் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார். நான் நினைத்திருந்ததுபோல் முரடர் இல்லை. ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். ஆனால் கண் மட்டும் என் பையின் மேலேயே இருந்தது.

"இன்னா சார், இம்மாந்தூரம் வந்துகினு கீறீங்க?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "பொண்ணுக்குக் கல்யாணம் பேசிட்டீங்களா?" என்றேன்.

"கல்யாணமா? யாருக்கு?" அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "அதுவாத்தான் சார் போவமாட்டேன்னு ஒக்காந்துகினு கீது. கேட்டா அழுவுது. நீங்க எதுனா அடிச்சிங்களோன்னு நா நெனச்சிகினு இருந்தேன்."

என்னைப் போலவே அவரும் மனசுக்குள் ஒரு கதையைக் கட்டி வைத்திருந்தார். நான் அடிக்கவில்லை என்று சொன்னேன். அவர் நம்பினதாகத் தெரியவில்லை. பாரத்தை எடுத்து நீட்டி, பரீட்சைக்கு அனுப்பக் கைநாட்டு வேண்டும், நாளைக்குத் தபால், இன்றைக்கு விட்டால் அவளுக்குப் பரீட்சை கிடையாது என்றேன்.

அவர் அதைத் தொடவில்லை.

"எங்க நைனா ஒரு தபா ஒரு காயிதத்துல கை உருட்னாரு. வரப்புத் தகராறுக்குன்னு சொல்லித்தான் வாங்கிகினு போனாங்க. அப்பால பாத்தா நெலமே எங்களுது இல்லன்னு ஆயிப்போச்சி. அன்னைலேர்ந்து எங்க ஊட்ல எவனும் இன்னா ஏதுன்னு தெரியாத காயிதத்துல கை வெக்கிறதில்ல."

"நான் படிச்சிச் சொல்றேங்க."

"அவங்களும் படிச்சிச் சொல்லித்தான் வாங்கிகினு போனாங்க." பிறகு மகளைக் கூப்பிட்டார். "பாப்பா, இங்க வா. இதுல இன்னா எழுதிக்கீதுன்னு உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"ஆங்."

"அப்ப நீங்க கொஞ்சம் அந்தப் பனமரத்தாண்ட போய் நில்லுங்க சார். அது சொல்லட்டும். அப்பால நீங்க வந்து சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா இருந்திச்சின்னா கை வெக்கிறேன்."

ஒரு வாத்தியாரைப் பனைமரத்தடிக்குப் போகச் சொல்கிறார்! எனக்கு முகமெல்லாம் சுட்டது. ஆனால் வேறு வழி இல்லை, போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் அவள் விரல் ஒவ்வொரு வரியாக நகர்வது தெரிந்தது, பேச்சு காதில் விழவில்லை. அப்பா ஒவ்வொரு வரிக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. நிமிர்ந்து என் பக்கம் பார்த்தாள். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தாள். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி அனுப்பிவிடப் போகிறாளோ என்று எனக்கு ஒரு பயம். அந்த நிலையிலும் என் புத்தி அப்படித்தான் போயிற்று.

கூப்பிட்டார். போனேன்.

"மொதல்லேர்ந்து சொல்லுங்க. பாப்பா, நீ வாயத் தொறக்காத."

பாரத்தை வாங்கிச் சொல்ல ஆரம்பித்தேன். பிள்ளை பெயர். அப்பா பெயர். வயது பதினாலு. பள்ளிக்கூடம் இருக்கிற ஊர். பரீட்சை எழுதுகிற பாஷை தமிழ். அவர் விரல்களை மடக்கிக்கொண்டே வந்தார். ஆறாவது வரி வரிசை எண். ஆறு வாரமாகத் தலைமையாசிரியரைத் தவிர ஒருவர் காதிலும் போடாத ரகசியம். நாளைக்குத்தானே சொல்ல வேண்டும் என்று வாய் தானாகத் தாண்டிப் போய்விட்டது. நடத்தை நல்லது, வருகை போதுமானது என்று முடித்தேன்.

அவர் தம் கையைப் பார்த்தார்.

"பாப்பா எட்டு சொல்லிச்சி. நீங்க ஏழுதான் சொன்னீங்க. நடுவுல ஒண்ண வுட்டுட்டீங்க."

நான் குனிந்து பாரத்தைப் பார்த்தேன்.

"இதுக்குத்தான் சார் நா கை வெக்கிறதில்ல," என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கிணற்றுப் பக்கம் நடந்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். அப்படி யார் பின்னாலும் அதற்கு முன்பு ஓடியதில்லை. "இருங்க, இருங்க, சொல்றேன். வரிசை எண்ணுன்னு ஒரு வரி இருக்குது. பள்ளிக்கூடத்துல இவ எத்தனாவதுன்னு. ஒண்ணுன்னு போட்டிருக்கேன்."

அவர் நின்றார். "பாப்பாவும் ஒண்ணுன்னுதான் சொல்லிச்சி. ஆனா ஒண்ணுன்னா இன்னான்னு அதுக்கே தெரியல. ஒண்ணுன்னா மொதலா, கடைசியா?"

"மொதல்."

"அது கடைசியிலதான ஒக்காந்துகினு கீது?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேப்பமரத்தடிக் குசுகுசுப்பு, முன் பெஞ்சின் சிரிப்பு, பின் பெஞ்சின் தாமதம், தொடாமல் விட்ட ஆறு கணக்கு. நான் பூட்டி வைத்த பட்டியலை நானே நாலு பெஞ்சிலும் எழுதிக் காட்டியிருக்கிறேன், அதுவும் தலைகீழாக. நான் வழக்கத்தை நிறுத்தினேன். நிறுத்திவிட்டேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. மூன்று வருஷமாக இடத்தைப் பார்த்தே எண்ணிப் பழகின பிள்ளைகள் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

அவள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"பேரு இல்லன்னுதான் செவுத்தாண்ட ஒக்கார வெச்சிட்டீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க சார். நா இன்னா தப்பு பண்ணேன்னு தெனமும் ரோட்ல நடந்துகினே யோசிப்பேன். கணக்குல தப்பா, இல்ல நாங்க கூலிக்காரங்கன்னான்னு."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்ற சொல் போதாது. இருபத்தைந்து வயது வரை உலகத்தில் எல்லாரும் என்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று காவல் காத்துக்கொண்டிருந்தவன், பதினாலு வயதுப் பெண்ணை ஆறு வாரம் ஏமாற்றியிருக்கிறேன்.

"நல்லாப் படிக்கிற புள்ளன்னு எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல சார்?" என்றார் அப்பா.

"சொன்னா அப்புறம் படிக்கிறத வுட்டுடுவாங்களோன்னு பயந்தேங்க."

"சொல்லாததாலதான சார் வுட்டுட்டுது."

அவர் குரலை உயர்த்தவில்லை. மைப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஆனால் உடனே விரலை வைக்கவில்லை. "மொதல்ல நீங்க போடுங்க" என்றார். என் கையெழுத்துக்கு அந்தப் பாரத்தில் இடமே இல்லை. இருந்தாலும் ஓரத்தில் போட்டேன். அதன் பிறகுதான் கட்டைவிரலை மையில் ஒற்றி, மெதுவாக உருட்டி வைத்தார். விரலில் அப்பியிருந்த செம்மண்ணும் மையோடு சேர்ந்து விழுந்தது.

கிளம்பும்போது அவள் கேட்டாள்: "நாளைக்கி நா எங்க சார் ஒக்காரணும்?"

வாய் வரைக்கும் ஒரு பதில் வந்தது. விழுங்கிவிட்டேன். "உனக்கு எங்க இஷ்டமோ அங்க ஒக்காரும்மா" என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். இதில் என்ன சூது இருக்கிறது என்று பார்க்கிற பார்வை. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து எட்டுப் பெயரையும் வரிசையாகப் படித்தேன். ஏன் மறைத்தேன், ஏன் இடம் மாற்றினேன் என்பதையும் சொன்னேன். பின் பெஞ்சுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்த ஆறு பேரின் முகத்தைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. மொட்டைத் தலைப் பையனுக்கு அப்போதுதான் முள் முள்ளாக முடி முளைத்திருந்தது. பட்டியலில் பெயர் வந்தால் மகனுக்கு முடி இறக்குவதாக அவன் அம்மா வேண்டிக்கொண்டிருந்தாளாம். முதல் பெஞ்சில் உட்கார வைத்தவுடனே பெயர் வந்துவிட்டது என்று மலையேறிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவன் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், முடி வந்துரும்" என்றான். மற்ற ஐந்து பேரும் அதைக்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பெண் அன்றைக்கு வந்திருந்தாள். நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சுவர் பக்கமே உட்கார்ந்தாள். முன்னால் வரச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டேன். "இங்கயே இருக்கேன் சார்" என்றாள். பரீட்சை முடிகிற வரைக்கும் எழுந்து வரவில்லை. ஆனால் கணக்கில் ஒன்றைக்கூட விடவில்லை.

பரீட்சை நடந்தது. எட்டுப் பேரில் ஆறு பேர் தேறினார்கள், அவளும்தான். ஆனி மாதத்தில் பயிற்சிப் பள்ளியிலிருந்து அவள் வீட்டுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அந்த வாசலை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாக மிதிக்கிறார். மகள் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டாள். அங்கேயே நிற்கச் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. நான் எழுந்து என் நாற்காலியைக் காட்டினேன். அவர் நாற்காலியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு காலியாக இருந்த பெஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தாண்டிக் கடைசி பெஞ்சுக்குப் போனார்.

"இங்கதான ஒக்காந்துகினு இருந்திச்சி?"

"ஆமாங்க. அந்தச் செவுத்தோரம்."

அங்கே உட்கார்ந்து சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் தலை சாய்ந்த இடத்தில் எண்ணெய்க் கறை வட்டமாக இருந்தது. அதைக் கையால் ஒரு தரம் தொட்டுவிட்டுக் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"பாப்பா வெளிய படிச்சிச் சொல்லிட்டுது. இப்ப நீங்க சொல்லுங்க."

நின்றுகொண்டே படித்தேன். சேர்த்துக்கொண்டார்கள் என்பது, வர வேண்டிய நாள், கொண்டுவர வேண்டிய பாய், தட்டு, இரண்டு சேலை என்று ஒரு வரி விடாமல் சொன்னேன். முடிந்த பிறகு காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சுக்கூடத்தின் பெயரையும் படித்தேன். அவர் அதற்கும் ஒரு விரலை மடக்கினார்.